நேரலை வகுப்பின் சாட் பெட்டி: திறந்து வைப்பதா, வேகத்தைக் குறைப்பதா, மூடி வைப்பதா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகத் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, தினமும் மாலை ஏழரை மணிக்கு யூடியூபில் நடக்கும் இலவசப் பொதுத்தமிழ் வகுப்பில் நான்கு ஆண்டுகளாக மாடரேட்டராக இருந்து வருகிறேன். பாடம் நடத்துவது ஆசிரியர். அவருக்கு எதிரில் வேறொரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு சாட் பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. முதல் ஆண்டில் முப்பது நாற்பது பேர் பார்த்தார்கள். பிறகு அது முந்நூறு, நானூறு என்று வளர்ந்தது. 2025 ஜூலை 12ஆம் தேதி, தேர்வு முடிந்த அன்று மாலை விடைகளைச் சரிபார்ப்பதற்காக நடத்திய நேரலையில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கை நான்காயிரத்தைத் தாண்டியது. நாற்பது பேருக்கு நன்றாக வேலை செய்த ஏற்பாடு நானூறு பேருக்குத் தள்ளாடியது. நான்காயிரம் பேருக்கு அடியோடு சரிந்தது. எங்களைப் போலவே இலவச வகுப்பு நடத்தும் வேறு சில ஆசிரியர்கள் சாட் பெட்டியை எப்படி வைப்பது என்று கேட்டுவருவதால், எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த அளவுக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திரையின் ஓரத்தில் தெரியும் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பது பெரும்பாலும் தவறாகிவிடுகிறது. பார்ப்பவர்களில் பலர் ஒருநாளும் ஒரு வரிகூட எழுதுவதில்லை; பேருந்திலிருந்தோ சமையலுக்கு நடுவிலோ காதில் மட்டும் பாடத்தை வாங்கிக்கொள்கிறார்கள். முடிவெடுக்க உதவும் எண் வேறு: ஒரு நிமிடத்தில் எத்தனை வரிகள் வந்து விழுகின்றன, அவற்றில் எத்தனையை ஒருவர் படித்து, புரிந்துகொண்டு, வேண்டுமானால் நீக்கி, வேண்டுமானால் ஆசிரியருக்குச் சொல்ல முடியும். என் அனுபவத்தில், கேள்விகளைக் கவனமாகப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்குப் பதினைந்து வரிகளுக்கு மேல் ஒருவரால் தாங்க முடியாது. ஆயிரம் பேர் பார்க்கும் வகுப்பில் இருபதில் ஒருவர் நிமிடத்துக்கு ஒரு வரி எழுதினாலே ஐம்பது வரிகள் வந்துவிடும். அதாவது ஏறக்குறைய நொடிக்கு ஒன்று. அந்த வேகத்தில் நல்ல கேள்வி ஒன்று திரையில் தங்கியிருக்கும் நேரம், அதைப் படித்து முடிக்கவே போதாது. அதனால் ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது நான் கேட்டுப் பார்ப்பது இரண்டே கேள்விகள்: இது வரிகளின் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கிறது? குறைக்கும்போது யாரை வெளியே நிறுத்துகிறது?

சாட் பெட்டியை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்து வைப்பது எல்லாவற்றிலும் எளிய வழி, நூறு பேர் வரைக்கும் அதுவே மிகச் சிறந்த வழியும்கூட. சிறிய வகுப்பில் சாட் என்பது பேச்சுக்கான இடம் மட்டுமாக இருப்பதில்லை. "சவுண்ட் வரலை சார்" என்று ஒருவர் எழுதுவதால்தான் மைக் இணைப்பு கழன்றிருப்பது தெரியவருகிறது. "பலகையில வெளிச்சம் அடிக்குது சார்" என்பதைப் படித்த பிறகுதான் விளக்கை நகர்த்துகிறோம். "குட் ஈவினிங் சார், தென்காசியிலிருந்து" என்று எழுதுபவரின் பெயரை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லி வணக்கம் வைக்கும்போது, அவர் மறுநாளும் வருகிறார். இரண்டு நாள் வராதவரை "உடம்பு சரியில்லையா?" என்று மற்ற மாணவர்களே விசாரிக்கிறார்கள். இந்த நெருக்கத்தை எந்தக் கருவியும் உண்டாக்கித் தராது. இந்த அளவில் இருக்கும்போதே கட்டுப்பாடுகளைப் போடத் தொடங்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்; வராத கூட்டத்துக்குப் பயந்து வந்தவர்களைத் தள்ளிவைப்பதாகவே அது முடிகிறது.

திறந்த சாட் உயிரோட்டமாக இருப்பதற்கு ஒளிபரப்பின் தாமதமும் ஒரு காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூடியூபில் இயல்பான தாமதம், குறைந்த தாமதம், மிகக் குறைந்த தாமதம் என்று மூன்று அமைப்புகள் உள்ளன. குறைந்த தாமதத்தில் பெரும்பாலான பார்வையாளர்களுக்குப் பத்து நொடிக்குள்ளும், மிகக் குறைந்த தாமதத்தில் ஐந்து நொடிக்குள்ளும் காட்சி போய்ச் சேரும் என்பது அந்நிறுவனத்தின் விளக்கம். ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும்போது, இந்தத் தாமதத்தோடு மாணவர் தட்டச்சு செய்யும் நேரமும் சேர்ந்துகொள்கிறது. தாமதத்தை அறவே குறைத்துவிடலாம் என்றால், இணைப்பு மெதுவாக உள்ள ஊர்களில் படம் அடிக்கடி சுற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் கைபேசித் தரவை நம்பியிருப்பவர்கள் என்பதால் நடுவில் உள்ள அமைப்பையே வைத்திருக்கிறோம். கேள்வி கேட்டபின் ஆசிரியர் அந்த வரியை மறுபடி ஒருமுறை நிதானமாக வாசிப்பார், அதற்குள் விடைகள் வந்துவிடும்.

எண்ணிக்கை முந்நூறைத் தொட்டபோது நாங்கள் முதலில் நாடியது ஸ்லோ மோட். ஒருவர் ஒரு வரி எழுதினால் அடுத்த வரி எழுத இத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. யாரையும் வெளியே தள்ளாமல் எல்லாரையும் சமமாக நிதானப்படுத்துவதால், கட்டுப்பாடுகளிலேயே நியாயமானது என்று அதைச் சொல்வேன். ஒரே வரியைப் பத்துமுறை ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு அது உடனே அணைபோட்டுவிடுகிறது. "ஏ", "ஏ", "ஏ" என்று விடையை நான்கு தடவை எழுதும் பழக்கமும் நின்றுவிடுகிறது.

ஆனால் ஸ்லோ மோட் தடுப்பது தனி ஒருவரின் வேகத்தைத்தான், பெட்டியின் மொத்த வேகத்தை அன்று. இந்த வேறுபாட்டை நாங்கள் தேர்வு நாளன்று மாலையில்தான் உணர்ந்தோம். காத்திருக்கும் நேரத்தை அறுபது நொடி என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். நான்காயிரம் பேரில் முந்நூறு பேர் எழுதத் தொடங்கினால், ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு ஒரே வரிதான் என்றாலும், முந்நூறு வரிகள் வரலாம், நொடிக்கு ஐந்து. நடந்ததும் அதுதான். கேள்வி எண் நாற்பத்தேழுக்கு இரண்டு விடை சரியாக வருகிறது என்று ஒரு மாணவி ஆதாரத்தோடு எழுதியிருந்ததை, நேரலை முடிந்து நள்ளிரவில் பழைய சாட்டைத் திரும்பப் படித்தபோதுதான் கண்டேன். அவர் சொன்னது சரி. அதை நேரலையிலேயே ஆசிரியர் வாசித்திருந்தால் நூற்றுக்கணக்கானோரின் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஸ்லோ மோடுக்கு இன்னொரு விலையும் உண்டு. இலக்கணத்தில் ஐயம் கேட்கும் மாணவர் ஒரே வரியில் முழுவதையும் கேட்டுவிட மாட்டார். "சார், வினைத்தொகைக்கும் பண்புத்தொகைக்கும்" என்று தொடங்கி அனுப்பிவிட்டு, மீதியை அடுத்த வரியில் எழுத நினைப்பார். ஒரு நிமிடம் காத்திருக்க நேர்ந்தால் அதற்குள் பாடம் வேறு இடத்துக்குப் போய்விடும். அதனால் சில நூறு பேர் உள்ள வகுப்புக்குப் பதினைந்து முதல் முப்பது நொடி போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் நீட்டினால் கத்துபவரைவிடக் கேட்பவரே அதிகம் பாதிக்கப்படுகிறார்.

அடுத்த வழி, சேனலைச் சப்ஸ்கிரைப் செய்தவர்கள் மட்டுமே எழுதலாம் என்று வைப்பது. எவ்வளவு காலமாகச் சப்ஸ்கிரைப் செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் குறிப்பிட யூடியூப் இடமளிக்கிறது. வீடியோ விளையாட்டு நேரலைகளுக்குப் பெயர்பெற்ற ட்விட்ச் தளத்திலும் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்ற இதே வகை அமைப்பு உண்டு. காத்திருப்புக் காலத்தின் அருமையை உலகத்துக்குக் காட்டியது அந்தத் தளத்தில் 2021ஆம் ஆண்டு நடந்தவைதான். ஒரு நேரலையை முடிப்பவர் தன் பார்வையாளர்களை அப்படியே இன்னொருவரின் நேரலைக்கு அனுப்பிவைக்கும் ரெய்டு என்ற நல்ல வழக்கம் அங்கே உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில், சிலர் அந்த வழக்கத்தையே ஆயுதமாக்கி, தானியங்கிக் கணக்குகளைக் கூட்டம் கூட்டமாக உருவாக்கி, கறுப்பினத்தவரும் மாற்றுப் பாலினத்தவரும் நடத்திய நேரலைகளுக்குள் ஏவிவிட்டு, சாட் முழுவதையும் வசைகளால் நிரப்பினார்கள். அதைக் கண்டித்து செப்டம்பர் 1 அன்று நேரலையாளர்கள் பலர் ஒருநாள் ஒளிபரப்பை நிறுத்தி வைத்தார்கள். அந்த மாத இறுதிக்குள் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ உறுதிசெய்த கணக்குகள் மட்டுமே எழுதலாம் என்று வைக்கும் வசதியை ட்விட்ச் கொண்டுவந்தது. 2022 நவம்பரில், தாக்குதல் நேரத்தில் எல்லாக் கட்டுப்பாடுகளையும் ஒரே அழுத்தலில் இறக்கும் ஷீல்டு மோட் என்ற ஏற்பாட்டையும் சேர்த்தது. அந்த நிமிடத்தில் உருவாக்கிய கணக்குக்கு அந்த நிமிடத்திலேயே பேசும் உரிமையைக் கொடுத்துவிட்டால், கணக்கு உருவாக்குவதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை என்பதால், தாக்க வருபவரிடம் ஆயுதம் தீராது. பத்து நிமிடக் காத்திருப்புகூட அந்த நிலையை மாற்றிவிடுகிறது.

எங்களைப் போன்ற வகுப்புகளுக்கு அவ்வளவு பெரிய தாக்குதல் வருவதில்லை. வருவது வேறு: "கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கும்" என்று சொல்லி டெலிகிராம் குழுவுக்கு இழுக்கும் சுட்டிகள், "வீட்டிலிருந்தே தினம் மூவாயிரம்" என்ற ஆசைகாட்டல்கள். வேலைக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் பிள்ளைகளின் கண்ணில் இவை படுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. சப்ஸ்கிரைபர் மட்டும் என்ற கட்டுப்பாட்டைப் போட்டவுடன் இவற்றில் பெரும்பகுதி நின்றுபோனது. சில நூறு பேர் வரும் அன்றாட வகுப்புக்கு அதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். தேர்வு நாள் மாலைக்கு அது பொருந்தாது. அன்று வருபவர்களில் பெரும்பாலோர் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தட்டி முதன்முறையாக வருபவர்கள். தேர்வறையிலிருந்து வந்த பதற்றத்தோடு இருக்கும் அவர்களிடம் "நீ புதியவன், பேசாதே" என்று சொல்வதுபோல் அது ஆகிவிடுகிறது. காத்திருப்பை ஐந்து நிமிடமாகக் குறைத்துவைத்தால் பாதிச் சிக்கல் தீர்கிறது.

பணம் கட்டிய மெம்பர்கள் மட்டும் எழுதலாம் என்று வைப்பது நான்காவது வழி. 2017 ஜனவரியில் யூடியூப் அறிமுகப்படுத்திய சூப்பர் சாட்டும் இதன் உறவுக்காரர்தான்; பணம் கொடுத்தவரின் வரி நிறம் மாறி, தொகைக்கு ஏற்ற நேரம் மேலே நிற்கும். பொழுதுபோக்கு நேரலை நடத்தி அதிலேயே பிழைப்பவருக்கு இவை நியாயமான வழிகள். இலவச வகுப்புக்கு இவை வேண்டாம் என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. நூறு ரூபாய் கொடுத்தவரின் ஐயம் முதலில் தீர்க்கப்படும் என்று ஆகிவிட்டால், நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யத் தயங்கும் மாணவர் அன்றே ஒதுங்கிவிடுவார். எங்கள் ஆசிரியர் சூப்பர் சாட்டை இயக்கவே இல்லை. அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

இனி, வடிகட்டும் இயந்திரமா, பார்த்துக்கொள்ளும் மனிதரா என்ற கேள்வி. இதில்தான் தமிழ் நேரலைக்கு மற்றவர்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது.

ட்விட்ச் 2016 டிசம்பரில் ஆட்டோமாட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. ஐயத்துக்குரிய வரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியிடலாமா என்று மாடரேட்டரிடம் கேட்கும். யூடியூபிலும் பொருத்தமற்றதாகத் தோன்றும் வரிகளைப் பரிசீலனைக்கு நிறுத்திவைக்கும் வசதி உண்டு. தடைசெய்ய வேண்டிய சொற்களின் பட்டியலை நாமே கொடுக்கவும் முடியும். நைட்பாட் போன்ற வெளிக் கருவிகள் இரண்டு தளங்களிலும் இதையே இன்னும் விரிவாகச் செய்கின்றன. ஆனால் நம் மாணவர்கள் தமிழைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதுவதில்லை. முட்டாள் என்ற ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் உகரத்தை இரண்டு விதமாக எழுதலாம். டகரத்தை ஒற்றையாகவோ இரட்டையாகவோ போடலாம். ஆகாரத்துக்கு ஓரெழுத்தோ ஈரெழுத்தோ வைக்கலாம். இறுதி ளகரத்தையும் இரண்டு விதமாக முடிக்கலாம். ஆக ஒரு சொல்லுக்குப் பதினாறு வடிவங்கள். நடுவில் புள்ளியோ இடைவெளியோ வைத்தால் அதற்கு எல்லையே இல்லை. இது மிகச் சாதாரணமான வசை; உண்மையில் தடுக்க வேண்டியவை இதைவிடக் கொடியவை, அவற்றுக்கு வட்டாரத்துக்கு ஒரு வடிவம் வேறு. நாங்கள் சேர்த்துவைத்த தடைப்பட்டியல் இருநூறு சொற்களைத் தாண்டிவிட்டது. திட்ட நினைப்பவர் இருநூற்றொன்றாவது வடிவத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதைவிட வருத்தம் தருவது, பட்டியல் தவறான ஆளைப் பிடிப்பது. ஒருநாள் ஒருவர் மற்ற மாணவர்களை நாய், கழுதை, பன்றி, குரங்கு என்று தொடர்ந்து ஏசிக்கொண்டிருந்ததால் அந்த நான்கு சொற்களையும் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டேன். அடுத்த வாரம் பாடம் ஒலி மரபு. "எது குரைக்கும்? எது உறுமும்? எது அலப்பும்? எது கத்தும்?" என்று ஆசிரியர் கேட்கிறார், நாய், பன்றி, குரங்கு, கழுதை என்று பிள்ளைகள் அனைவரும் சரியாக எழுதுகிறார்கள், ஒரு வரியும் திரைக்கு வரவில்லை. ஒருவருக்கும் விடை தெரியவில்லை போலும் என்று நினைத்த ஆசிரியர், குரலில் சோர்வு தெரிய, அடிப்படையிலிருந்து மறுபடி தொடங்கினார். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யானை பிளிறும் என்று எழுதிய வரி மட்டும் தனியாக வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மொழிப்பாடம் நடத்துமிடத்தில் சொல்லை மட்டும் பார்க்கும் காவல் உதவாது. யார், யாரைப் பார்த்து, எதற்காகச் சொல்கிறார் என்பதைப் பார்க்கிற கண் வேண்டும். அன்றிலிருந்து எங்கள் பட்டியலில் சுட்டிகளின் துணுக்குகளும், எந்தப் பாடத்திலும் வர வாய்ப்பில்லாத சில கொச்சை வசைகளும் மட்டுமே உள்ளன. தொலைபேசி எண்போலத் தோன்றும் எந்த வரியும் நீக்கப்பட வேண்டும் என்பதை மாடரேட்டர்களுக்கான முதல் விதியாக வைத்திருக்கிறோம். ஏனென்றால், ஒரு மாணவியின் எண்ணை யாரோ வேண்டுமென்றே சாட்டில் போட, நான் கவனித்து நீக்குவதற்குள் அவருக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. அவர் அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

மனிதர் செய்வதற்கும் கட்டுப்பாட்டு அமைப்புகள் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜோசப் சீரிங், ராபர்ட் கிராட், லாரா டாபிஷ் ஆகிய மூவரும் ட்விட்ச் சாட்டில் பதிவான லட்சக்கணக்கான வரிகளை எடுத்துக்கொண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. எழுதுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள், ஒரே குப்பையைக் கொட்டும் வழக்கத்தைத் தடுப்பதில் பயன்பட்டன. தவறு செய்தவரை மாடரேட்டர் தடைசெய்தபோதோ, அதைவிடப் பலவகையான தவறுகள் மற்றவர்களிடமும் குறைந்தன. மக்கள் தாம் பார்ப்பதைப் போலச் செய்கிறார்கள். அதிலும் மதிப்புள்ள இடத்தில் இருப்பவர் செய்வதைக் கூடுதலாகப் பின்பற்றுகிறார்கள் என்பதும் அவர்கள் கண்டது. இந்தக் கடைசிச் செய்தி எனக்கு மிகவும் உதவியது. "தேவையில்லாமல் எழுதாதீர்கள்" என்று அறிவிப்பு வைப்பதைவிட, கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை நானே எழுதிக்காட்டத் தொடங்கினேன்: முதலில் கேள்வி எண், பிறகு ஐயம், ஒரே வரியில். மாடரேட்டரின் பெயர் வேறு நிறத்தில் தெரிவதால் அந்த வரி கண்ணில் படும். மூன்று நாளில் பாதிப்பேர் அந்த வடிவத்துக்கு மாறினார்கள், யாரும் யாரையும் கண்டிக்காமலே.

மனிதரை வைப்பதில் செலவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மணி நேரம் நொடிதோறும் ஓடும் வரிகளைப் பார்ப்பதற்குக் கண்ணும் மனமும் களைக்கின்றன. வசைகளை முதலில் படிப்பவர் மாடரேட்டர்தான். மற்றவர் கண்ணில் படாமல் நீக்கிவிட்டாலும் அவர் கண்ணில் பட்டது பட்டதுதான். எங்களோடு உதவிக்கு வந்த முன்னாள் மாணவி ஒருவர், தன்னைப் பற்றியே எழுதப்பட்ட வரிகளை நீக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்ததைப் பிறகு சொன்னார். இப்போது நாற்பது நிமிடத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்கிறோம். நேரலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் கிளம்புகிறோம். பரிசீலனைக்கு நிறுத்தும் வசதியை நான் இயக்கியே வைத்திருப்பதற்கு இதுவே காரணம். அது தவறவிடுவது அதிகம் என்றாலும், பிடிப்பவை மாடரேட்டரின் சுமையில் ஒரு பங்கைக் குறைக்கின்றன. ஆனால் மனிதரின் இடத்தில் அதை வைக்கக் கூடாது. ஒருவரைத்தான் சேர்க்க முடியும் என்றாலும், கருவிக்கு நேரம் செலவழிப்பதைவிட வட்டார வழக்குத் தெரிந்த ஒரு நல்ல மாடரேட்டரைத் தேடுவதே மேல்.

கடைசியாக, ஆயிரக்கணக்கானோர் கூடும்போது என்ன செய்வது? இங்கே சாட் என்ற கருவியின் இயல்பே மாறிவிடுகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த அளவில் ஒருவர் எழுதும் வரியை இன்னொருவர் படிப்பது நடக்கிற காரியமில்லை. எழுதுவது கைதட்டுவதைப் போன்றது, கூடியிருப்பதன் மகிழ்ச்சி. அதற்கு அது போதும். வகுப்புக்கு அது போதாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வரியும் ஒரு பதிலை எதிர்பார்த்து எழுதப்படுகிறது.

பெருங்கூட்டத்தை ஒரே செயலில் ஈடுபடுத்துவது பற்றி நான் கற்றுக்கொண்டது 2014இல் ட்விட்சில் நடந்த ஒரு சோதனையிலிருந்து. போக்கிமான் ரெட் என்ற வீடியோ விளையாட்டை, சாட்டில் வரும் கட்டளைகளைக் கொண்டே ஆடும்படி ஒருவர் அமைத்துவைத்தார். பிப்ரவரி 12 அன்று தொடங்கியது. மேலே, கீழே, இடது, வலது என்று யார் எதை எழுதினாலும் பாத்திரம் அப்படியே நகரும். கூட்டம் பெருகப் பெருக, ஒரு குறுகிய மேட்டைக் கடப்பதற்கே மணிக்கணக்கில் ஆயிற்று. பத்துப் பேர் சரியாக எழுதினாலும் ஒருவர் கீழே என்று எழுதினால் பாத்திரம் விழுந்துவிடும். பிறகு, குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்த கட்டளைகளில் அதிகம் பேர் எழுதியதை மட்டும் செயல்படுத்தும் வாக்கெடுப்பு முறை சேர்க்கப்பட்டது. உச்சத்தில் ஏறத்தாழ 1,21,000 பேர் ஒரே நேரத்தில் பார்க்க, மொத்தம் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டளை எழுத, மார்ச் 1 அன்று ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே செவிசாய்ப்பது முடியாமல்போகும் இடத்தில், எல்லா வரிகளையும் சேர்த்து ஒரே விடையாக்கும் வழி இருந்தால் கூட்டம் கலைந்துவிடாமல் முன்னேறுகிறது.

நேரலை வகுப்பில் அந்த வழி வாக்கெடுப்புதான். ஒரு கேள்வியைப் போட்டு நான்கு விடைகளையும் கொடுத்தால் மாணவர் ஒரு தட்டலில் பதில் சொல்லிவிடுகிறார். சாட்டில் ஒரு வரியும் ஓடுவதில்லை. எத்தனை விழுக்காட்டினர் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆசிரியருக்கு உடனே தெரிகிறது. ஒருநாளும் எழுதாத மாணவர்களும் இதில் கலந்துகொள்கிறார்கள் என்பதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தவறாக எழுதிவிட்டால் பெயரோடு தெரிந்துவிடுமே என்ற கூச்சம் வாக்கெடுப்பில் இல்லை. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 பொதுத்தமிழ். அந்தப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றப் பகுதியின் விடைகளே மதிப்பிடப்படாது. அப்படிப்பட்ட பாடத்தில் தனக்கு எது தெரியவில்லை என்பதைக் கூச்சமின்றி ஒப்புக்கொள்ள ஓர் இடம் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் வாக்கெடுப்பு நாம் கேட்பதற்குத்தான் பதில் தரும்; நாம் கேட்க நினைக்காததை அது கொண்டுவராது. கேள்வி எண் நாற்பத்தேழைப் பற்றி அந்த மாணவி எழுதிய வரி எந்த வாக்கெடுப்பிலும் வந்திருக்காது. ஆகவே சாட் பெட்டியை முற்றிலும் மூடிவிடுங்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் ஆசிரியரோடு பேசி, அடுத்த தேர்வு மாலைக்கு முடிவுசெய்திருப்பது நேரத்தைப் பிரிப்பது. இருபத்தைந்து கேள்விகளுக்கு விடை சொல்லும்வரை சாட் மூடியிருக்கும், வாக்கெடுப்பு மட்டும் ஓடும். அதன்பிறகு பத்து நிமிடம் சாட் திறக்கும். முப்பது நொடி ஸ்லோ மோடும், ஐந்து நிமிடக் காத்திருப்போடு சப்ஸ்கிரைபர் கட்டுப்பாடும் இருக்கும். முதல் இருபத்தைந்து முடிவதற்குள் புதியவர்களும் தகுதி பெற்றுவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்திலும் எல்லா வரிகளையும் படித்துவிட முடியாது என்பதால், மூன்று மாடரேட்டர்களில் ஒருவர் வசைகளையும் சுட்டிகளையும் மட்டும் பார்ப்பார், இன்னொருவர் கேள்வி எண்ணோடு தொடங்கும் வரிகளை மட்டும் பொறுக்கித் தாளில் எழுதி ஆசிரியரிடம் நீட்டுவார், மூன்றாமவர் ஓய்வெடுப்பார். அன்றாட வகுப்பில் வழக்கம்போல் சாட் முழுநேரமும் திறந்திருக்கும், இருபது நொடி ஸ்லோ மோடோடு. ஆசிரியருக்கு ஒரு விருப்பம் உண்டு: தேர்வு மாலையானாலும் முதல் இரண்டு நிமிடம் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம், வருபவர்கள் வணக்கம் சொல்லட்டும், ஊர்ப்பெயர்களை அவர் வாசிப்பார். நொடிக்கு எத்தனை வரி வந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்கிவைத்திருக்கிறோம்.